பூசாரிங்க பக்கம் கிடந்த தண்ணிக் கணக்கு: பாலித் தீவு நெல் வயல் கேஸ்

எந்த வயலுக்கு எப்ப தண்ணி விடணும், எப்ப எல்லாரும் சேர்ந்து தரிசாப் போடணும்ங்கிற கணக்கு ஒரு ஊர்ல பல நூறு வருஷமா இருக்கு, ஆனா அது நீர்ப்பாசன ஆபீஸ்ல இல்ல, கோயில்ல இருக்கு, பூசை முறையில இருக்கு, கோயில் பேச்சுல இருக்கு. வெளியில இருந்து வர்ற இன்ஜினியர், வேளாண் விஞ்ஞானி, பேங்க் ஆபீசர் எல்லாரும் நல்லா படிச்சவங்க, கெட்ட எண்ணமும் கிடையாது, ஆனா அவங்கவங்க படிப்பு எங்க தேடச் சொல்லிக் கொடுத்துச்சோ அங்க மட்டும் தேடிட்டு இங்க பிளானிங்னு ஒண்ணுமே இல்லையேன்னு முடிவு பண்ணிடறாங்க. அதுக்கப்புறம் என்ன ஆகும்? இந்தோனேசியாவோட பாலித் தீவுல 1970கள்ல என்ன ஆச்சுன்னு பார்த்தா பதில் கிடைக்கும். அறிவைப் பத்தி பேசறப்ப எல்லாரும் பொத்தாம்பொதுவா "கலாசாரம் முக்கியம்"னு சொல்லிட்டுப் போயிடறாங்க, அது எந்த இடத்துல, எந்த மதகுல, எந்த போகத்துல முக்கியம்னு காட்டற கேஸ் ரொம்பக் கம்மி, அதனாலதான் இதை எழுதறேன்.

முதல்ல நிலம் எப்படின்னு தெரிஞ்சாத்தான் மத்தது புரியும்

பாலி சின்னத் தீவு, நம்ம தஞ்சாவூர் மாவட்டத்தையும் திருவாரூர் மாவட்டத்தையும் சேர்த்தா வர்ற அளவுதான் கிட்டத்தட்ட. ஆனா தஞ்சாவூர் மாதிரி சமதரை கிடையாது. நடுவுல வரிசையா எரிமலைங்க, ஆகுங் 3,000 மீட்டருக்கு மேல, பக்கத்துல பாத்தூர். மழைத்தண்ணி எரிமலைச் சாம்பல் இறுகின மெத்துப் பாறையை அறுத்துக்கிட்டு ஓடுறதால ஆறெல்லாம் ஆழமான பள்ளத்துல கிடக்கும், வயல் மேல மேட்டுல இருக்கும், ஆத்தைப் பார்த்துக்கிட்டே நிக்கலாம், ஒரு சொட்டு எடுக்க முடியாது. அதனால அவங்க என்ன பண்ணாங்கன்னா ஆத்தோட மேல்பக்கம் போய் ஒரு தடுப்பணை கட்டி, அங்கேருந்து பாறைக்குள்ள சுரங்கம் குடைஞ்சு, தண்ணியைக் கீழ கொண்டுவந்து மலைச்சரிவுல படிப்படியா வெட்டின வயலுக்கு விட்டாங்க. இந்தச் சுரங்கம் வெட்டற தொழிலாளிங்களைப் பத்தி 9ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு, செப்பேடுகள்லயே பேச்சு வருது.

ஒரே வாய்க்கால்ல தண்ணி வாங்கற விவசாயிங்க எல்லாம் சேர்ந்த சங்கத்துக்கு சுபக்னு பேர். தீவு முழுக்க சுமார் 1,200 இருக்குன்னும், ஒவ்வொண்ணுலயும் 50லேருந்து 400 விவசாயிங்க வரைக்கும் இருப்பாங்கன்னும் யுனெஸ்கோ கணக்கு. தலைவருக்கு பெகாசேன்னு பேர், உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கறவர். இங்க மொழி சம்பந்தமா ஒரு விஷயம் கவனிக்கணும். பாலி மொழியில யார் யார்கிட்ட பேசறாங்கங்கிறதைப் பொறுத்து சொல்லே மாறும், மேல்சாதிக்கு ஒரு பேச்சு, கீழ இருக்கறவங்களுக்கு ஒரு பேச்சு, சாதாரண வினைச்சொல், பேர்ச்சொல் வரைக்கும் ரெண்டு மூணு படி இருக்கும். ஆனா சுபக் கூட்டத்துல உக்காந்தா எல்லாரும் எல்லார்கிட்டயும் மரியாதைப் பேச்சுதான் பேசணும்னு முறை, நிலம் அதிகம் வச்சிருக்கறவரும் சரி, பிராமணக் குடும்பத்துக்காரரும் சரி. தண்ணி பத்தின விவரம் மேல்பக்கம் இருந்து கீழ்ப்பக்கமும் கீழ இருந்து மேலயும் ஒழுங்கா வரணும்னா கடைமடைக்காரன் வாயைத் திறக்கணுமில்லையா, அதுக்கு இந்த முறை எவ்வளவு உதவியிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. மேலதிகாரி முன்னாடி வாயே திறக்காத எத்தனை ஆபீஸ் மீட்டிங் நாம பார்த்திருக்கோம்.

அந்த மரக்கட்டை

சுபக்குக்குள்ள தண்ணி எப்படிப் பிரியுதுன்னா, வாய்க்கால் பிரியற இடத்துல குறுக்க ஒரு மரக்கட்டை போட்டிருப்பாங்க. கட்டையோட மேல்விளிம்புல வெட்டு வெட்டி இருக்கும், ஒவ்வொரு வெட்டோட அகலமும் அந்தக் கிளை வாய்க்காலோட பங்குக்கு ஏத்த மாதிரி. பங்குக்கு அளவு தெக்தெக். பத்துப் பங்கு உள்ளவங்களுக்கு அஞ்சுப் பங்கு உள்ளவங்களை விட ரெண்டு மடங்கு அகல வெட்டு, அவ்வளவுதான். ஆத்துல தண்ணி குறைஞ்சா எல்லாருக்கும் அதே விகிதத்துல குறையும், ஏறினா எல்லாருக்கும் ஏறும். திருப்பறதுக்கு சாவி கிடையாது, ஏத்தறதுக்கு இறக்கறதுக்கு ஒண்ணும் கிடையாது, காவலுக்கு ஆள் வேண்டாம். எழுதப் படிக்கத் தெரியாத ஒருத்தர் விடியக்காலையில வந்து பார்த்தாலும் தன் பங்கு சரியா விழுதான்னு கண்ணாலயே சொல்லிடலாம், யாராவது ராத்திரி கல்லோ மண்ணோ வச்சு அடைச்சிருந்தா அதுவும் உடனே தெரிஞ்சிடும். ஒரு நொடிக்கு எத்தனை லிட்டர்னு கேட்டா மட்டும் இந்தக் கட்டைக்கு பதில் தெரியாது. இதை ஞாபகத்துல வச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

இப்ப கோயிலுக்கு வரலாம். வயலுக்குள்ள தண்ணி முதல்ல நுழையற மூலையில ஒரு சின்னப் பீடம். அந்த சுபக்கோட வயல்வெளிக்குத் தலைப்புல ஒரு கோயில். பல சுபக் சேர்ந்து கும்பிடற மாசெத்தின்னு ஒரு வகைக் கோயில். அணைக்கட்டுல ஒரு கோயில். எல்லாத்துக்கும் மேல பாத்தூர் எரிமலை வாய் விளிம்புல ஊலுன் தனு பாத்தூர் கோயில், ஏரியோட தெய்வம் தேவி தனு. அங்க தலைமைப் பூசாரி ஜெரோ கடே, சின்னப் பையனா இருக்கறப்பவே சாமி வந்து ஆடற ஒரு பெண் பூசாரி வாக்கால தேர்ந்தெடுக்கப்படறவர், அதுக்கப்புறம் வாழ்நாள் முழுக்க வெள்ளை உடை, தலைமுடி வெட்டறதில்ல. 1926ல எரிமலை வெடிச்சு பழைய ஊரும் கோயிலும் லாவாவுல போச்சு, அதுக்கப்புறம்தான் மேல விளிம்புல கட்டினாங்க. புதுசா ஒரு வாய்க்கால் வெட்டணும், புது சுபக் ஆரம்பிக்கணும், ரெண்டு ஊருக்குத் தண்ணித் தகராறுன்னா விவசாயிங்க இங்கதான் ஏறிப் போவாங்க.

இதுல பக்தி இருக்கு, சந்தேகமே இல்ல. ஆனா பக்தியோட சேர்த்து ஒரு வேலையும் நடக்குது. மாசெத்திக் கோயில்ல கூடற சுபக் எல்லாம் சேர்ந்து இந்தப் போகத்துக்கு யார் முதல்ல தண்ணி எடுக்கறது, யார் ரெண்டு வாரம் தள்ளி எடுக்கறது, எந்தெந்த வயல் எல்லாம் ஒரே நேரத்துல அறுத்துத் தரிசாக் கிடக்கணும்னு முடிவு பண்ணுவாங்க. இதுக்கு அவங்க பயன்படுத்தற நாள்காட்டி 210 நாள் சுத்து, அதுல ஒரு நாள் வாரத்துலேருந்து பத்து நாள் வாரம் வரைக்கும் பத்து விதமான வாரங்கள் ஒரே சமயத்துல ஓடிக்கிட்டு இருக்கும். பார்க்க ஜோசியக் கட்டம் மாதிரி இருக்கும், ஆனா ஒருத்தருக்கொருத்தர் முன்ன பின்ன தள்ளி ஆரம்பிக்கற பல சுழற்சிகளை ஒரே பலகையில வச்சுக்கிறதுக்கு இதை விட வசதியான ஒண்ணை எக்செல்லுக்கு முன்னாடி யார் செஞ்சிருப்பாங்கன்னு எனக்குத் தெரியல.

எல்லாரும் ஒரே நேரத்துல தரிசு போடறது ஏன் முக்கியம்? எலியும் சரி, நெல்லோட சாறை உறிஞ்சற புகையான் பூச்சியும் சரி, பயிர் இருக்கற வரைக்கும்தான் பெருகும். பக்கத்து வயல் பச்சையா இருந்தா இங்க அறுத்ததும் அங்க தாவிடும். ஒரு பெரிய வட்டாரமே ஒரே நேரத்துல வெறுமையாக் கிடந்தா அதுங்களுக்குப் போக்கிடம் இல்ல, பட்டினியில சாகும். அப்படின்னா தீவு முழுக்க ஒரே நாள்ல நட்டு ஒரே நாள்ல அறுத்துடலாமேன்னு தோணும். அப்ப நடவு சமயத்துல எல்லாருக்கும் ஒரே வாரத்துல தண்ணி வேணும், ஆறு தாங்காது. ஆக பூச்சிக்காக வட்டாரம் பெருசா இருக்கணும், தண்ணிக்காகச் சின்னதா இருக்கணும், ரெண்டுக்கும் நடுவுல எங்கயோ ஒரு அளவு சரியா வரும். அந்த அளவைக் கோயில் வரிசைதான் பிடிச்சு வச்சிருந்துச்சு.

படிச்சவங்க எதைப் பார்த்தாங்க

டச்சுக்காரங்க வடக்கு பாலியை 1849ல பிடிச்சாங்க, தெற்கை 1906லயும் 1908லயும். வந்த அதிகாரிங்க சுபக்கைப் பத்தி நிறைய எழுதி வச்சாங்க, சில பேர் ரொம்ப நுணுக்கமாவும் எழுதினாங்க. ஆனா நிர்வாகம்னு வந்தப்ப அவங்களுக்கு ஒரு கேள்விதான்: தண்ணிக்கு யார் அதிகாரி, வரி யார்கிட்ட வாங்கணும்? ராஜாவோட வரி வசூல் ஆளுங்களை அப்படியே தங்கள் ஆபீசுக்குள்ள எடுத்துக்கிட்டாங்க, பொதுப்பணி இன்ஜினியருங்க கான்க்ரீட் அணை கட்டினாங்க, கோயில் மத விவகாரம்னு தனியா ஒதுங்கிடுச்சு. சுதந்திரத்துக்கு அப்புறம் வந்த இந்தோனேசிய அரசும் அதே பிரிவினையைத்தான் தொடர்ந்துச்சு. அணை ஒரு டிபார்ட்மெண்ட், நெல்லு இன்னொண்ணு, சாமி வேற ஒண்ணு. நடவு அட்டவணை சாமி பக்கம் இருந்தது அணைக்காரருக்கும் தெரியாது, நெல்லுக்காரருக்கும் தெரியாது. தெரிஞ்சாலும் அது அவங்க ஃபைல் இல்ல.

கல்லூரிப் பக்கம் மட்டும் வேற மாதிரியா இருந்துச்சான்னா அதுவும் இல்ல. கார்ல் விட்ஃபோகல்னு ஒரு வரலாற்றாளர், 1957ல ஒரு பெரிய கோட்பாடு கொண்டு வந்தார், பெரிய நீர்ப்பாசனம் இருக்கற இடத்துல அதை நடத்த ஒரு சர்வாதிகார அரசு உருவாகியே தீரும்னு. அந்தக் கண்ணாடி போட்டுப் பார்த்தா பாலியில ராஜாவைத் தேடணும். கிளிஃபோர்ட் கீர்ட்ஸ்னு அமெரிக்க மானுடவியலாளர் இதுக்கு நேரெதிராப் போனார், பாலி ராஜாவுக்குச் சடங்கும் ஆடம்பரமும்தான் வேலை, தண்ணி உள்ளூர் சுபக் கையில இருக்குன்னார், போகம் முன்ன பின்ன அமையறதுக்கும் சடங்குக்கும் தொடர்பு இருக்குன்னு கூட தொட்டுட்டுப் போனார். ஆனா அதை அளந்து பார்க்கறது மானுடவியல் வேலையா அப்ப யாருக்கும் படல, அளக்கத் தெரிஞ்ச ஹைட்ராலஜிக்காரங்க, அதாவது நீரியல் படிச்சவங்க, மானுடவியல் படிக்கல. ஒரே வாய்க்கால்தான், அரசியல் படிச்சவருக்கு அதுல அதிகாரம் ஓடுச்சு, மானுடவியலாளருக்கு அர்த்தம் ஓடுச்சு, இன்ஜினியருக்கு தண்ணி மட்டும் ஓடுச்சு. புகையானைப் பத்தி யாரும் பேசல.

புது நெல் வந்தது

பிலிப்பைன்ஸ்ல லாஸ் பேனோஸ்ங்கிற ஊர்ல இருக்கற சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1966ல ஐஆர்8 வெளியிட்டுச்சு. நம்ம ஊர்லயும் அது என்ன ஆட்டம் ஆடுச்சுன்னு தாத்தா காலத்து ஆளுங்களைக் கேட்டாத் தெரியும், அதே நெல்லுதான். வேடிக்கை என்னன்னா அதோட பெற்றோர்ல ஒண்ணு பேத்தா, இந்தோனேசியாவோட பழைய நெல் ரகம். இந்தோனேசியா அப்ப அரிசியை வெளிநாட்டுல இருந்து வாங்கி வாங்கிக் களைச்சுப்போன நாடு, பசியைப் பார்த்த அரசாங்கம், அதனால அப்ப அதிபரா இருந்த சுஹார்த்தோவோட ஆட்சி விதை, உரம், பூச்சி மருந்து எல்லாத்தையும் கடன் பேக்கேஜா கட்டி பீமாஸ்ங்கிற திட்டத்துல ஊர் ஊரா இறக்கினது எனக்குத் தப்பாவே தெரியல. 1984ல அரிசியில தன்னிறைவு வந்துச்சுன்னு அறிவிக்கவும் செஞ்சாங்க. பாலியிலயும் முதல்ல விளைச்சல் ஏறத்தான் செஞ்சுது.

பிரச்சனை நெல்லோட வந்த இன்னொரு கட்டளையில இருந்துச்சு. பழைய பாலி நெல் விளையறதுக்கு ரொம்ப நாள் எடுக்கும், புது நெல் சீக்கிரம் வந்துடும், அதனால கோயில் முறையைப் பார்த்துக் காத்திருக்காம முடிஞ்ச வரைக்கும் அடுத்தடுத்து நடுங்க, வருஷத்துக்கு மூணு போகம் எடுங்கன்னாங்க. தண்ணிக்கான வரிசை குலைஞ்சுது. 1974லயே களத்துல இருந்தவங்க தண்ணி அட்டவணை குழப்பம்னும் பூச்சி வெடிச்சுப் பெருகுதுன்னும் ரிப்போர்ட் எழுத ஆரம்பிச்சுட்டாங்க. தெற்கு பாலியில எந்த மாசம் போய்ப் பார்த்தாலும் எங்கயோ ஒரு வயல் பச்சையா இருந்துச்சு, பூச்சிக்கு வருஷம் பூரா விருந்து. புகையான் தாக்கின வயலைப் பார்த்தவங்களுக்குத் தெரியும், பூச்சி தூர்ல உக்காந்து சாறு உறிஞ்சும், மேல இருந்து பார்த்தா ஒண்ணும் தெரியாது, திடீர்னு ஒரு நாள் வயல் நடுவுல வட்டம் வட்டமா தீ வச்ச மாதிரி காய்ஞ்சு கிடக்கும். இந்தோனேசியா முழுக்க 1977ல மட்டும் புகையானால போன நெல் 10 லட்சம் டன்னுக்கு மேல.

சரி, புகையானைத் தாங்கற ஐஆர்36 வந்துச்சு. அதுக்கு துங்ரோ வந்துச்சு, பச்சைத் தத்துப்பூச்சி பரப்பற வைரஸ் நோய், பயிர் மஞ்சளாகி குட்டையா நின்னுடும். துங்ரோ தாங்கற இன்னொரு ரகம் வந்துச்சு, அதைப் பழுப்புப் புள்ளி நோய் பிடிச்சுது. இதுக்கு நடுவுல மருந்து அடிச்சுக்கிட்டே இருந்தாங்க, மருந்து புகையானை விட அதைத் தின்ற சிலந்தியைத்தான் அதிகமாக் கொன்னுச்சு, அடிக்க அடிக்கப் பூச்சி கூடிச்சு. கடைசியில 1986ல சுஹார்த்தோவே உத்தரவு போட்டு நெல்லுக்கு அடிக்கற 57 பூச்சி மருந்துகளைத் தடை பண்ணார். ஒவ்வொரு நோய்க்கும் ஒரு ரகம்ங்கிற அந்த யோசனையில லாஜிக் இல்லாம இல்ல, விதை ஆராய்ச்சி படிச்சவர் கையில விதைதான் இருக்கு, அவர் அதைத்தான் மாத்துவார். நாலு கிலோமீட்டர் தள்ளி இருக்கற வயல் என்ன மாசத்துல தரிசாக் கிடக்குங்கிறது அவர் பாடத்திட்டத்துல வரல.

கோயில்ல பூசை மட்டும் நிக்கல. ஒவ்வொரு கட்டத்துக்கும் உண்டான படையல் நடந்துக்கிட்டுத்தான் இருந்துச்சு, ஆனா வயல்ல நிக்கற பயிருக்கும் அதுக்கும் சம்பந்தம் விட்டுப்போச்சு. கோயில் முறைக்குத் திரும்ப விடுங்கன்னு விவசாயிங்க கேக்க ஆரம்பிச்சாங்க. அதிகாரிங்க காதுல இது எப்படி விழுந்துச்சுன்னா, மதப் பிடிவாதம், மாற்றத்துக்கு பயப்படறாங்க. பயிர்ப் பாதுகாப்பு பத்தின ஒரு புகார்னு ஒருத்தரும் பதிஞ்சுக்கல, ஏன்னா அது பயிர்ப் பாதுகாப்பு பாஷையில வரல.

ஷட்டர் வச்ச கதை

1979ல ஆசிய வளர்ச்சி வங்கி கடனோட பாலி நீர்ப்பாசனத் திட்டம் ஆரம்பிச்சுது. அணைகளைச் சீர் பண்றது, வாய்க்காலைப் புதுப்பிக்கறது, அதோட பழைய மரக்கட்டைகளை எடுத்துட்டு ஏத்தி இறக்கற இரும்பு ஷட்டர் வைக்கறது. அந்த டிசைன் ஜாவாவுல டச்சுக்காரங்க காலத்துல வந்தது, கரும்பும் நெல்லும் மாறி மாறிப் போடற சமதரைக்கு. இன்ஜினியர் பார்வையில இது தெளிவான முன்னேற்றம்: எவ்வளவு தண்ணி போகுதுன்னு அளக்கலாம், பயிருக்குத் தேவையான அளவைக் கணக்கிட்டு ஷட்டரை அதுக்கேத்த மாதிரி வைக்கலாம். மரக்கட்டை அளக்காதே!

ஆனா விவசாயிக்கு வேண்டியது லிட்டர் கணக்கு இல்ல, பக்கத்துக்காரனுக்கு விழற விகிதம் எனக்கும் விழுதாங்கிறது. ஷட்டர் வந்ததும் அந்தக் கேள்விக்குக் கண்ணால பதில் சொல்ல முடியாமப் போச்சு. மலையாறுல தண்ணி மணிக்கு மணி மாறும், ஒவ்வொரு தடவையும் யாரோ வந்து திருப்பணும், யார் திருப்பறாங்களோ அவங்க மேல சந்தேகம் வரும், ராத்திரியில யார் வேணும்னாலும் திருப்பலாம். விவசாயிங்க சத்தமே போடாம ஒரு வேலை பண்ணாங்க, ஷட்டரை முழுசாத் திறந்தோ கழட்டியோ போட்டுட்டு தங்களோட பழைய வெட்டுக் கட்டையையே திரும்ப வச்சுக்கிட்டாங்க. நெதர்லாந்தைச் சேர்ந்த லூகாஸ் ஹோர்ஸ்ட்ங்கிற நீர்ப்பாசன ஆய்வாளர் இதைப் பத்தி 1990கள்ல விரிவா எழுதியிருக்கார், இன்ஜினியரிங் உள்ளேருந்தே வந்த விமர்சனம்ங்கிறதால எனக்கு அது ரொம்ப முக்கியமாப் படுது. என்னைக் கேட்டா இந்த முழு கேஸ்லயும் மிகத் தெளிவான சாட்சி அந்தக் கழட்டிப் போட்ட ஷட்டர்தான். யாரும் தத்துவம் பேசல, மனு கொடுக்கல, ரெண்டு விதமான அளவுல எது தங்களுக்கு வேலை செய்யுதுன்னு தெரிஞ்சு மாத்திக்கிட்டாங்க.

கோயில் கணக்கு கம்ப்யூட்டருக்குள்ள போனது

1970கள்ல இருந்தே பாலியில வேலை செஞ்சுக்கிட்டு இருந்த அமெரிக்க மானுடவியலாளர் ஸ்டீபன் லான்சிங் கோயில்களோட வலையைப் பின்தொடர்ந்து போய், சடங்கு அட்டவணையும் மதகு திறக்கற நாளும் ஒத்துப்போறதைப் பார்த்தார். இதை அதிகாரிங்ககிட்டயும் ஆலோசகருங்ககிட்டயும் சொன்னப்ப பெருசா எடுபடல. ஒரு அமெரிக்க நீர்ப்பாசன இன்ஜினியர் கடுப்புல, இந்த ஜனங்களுக்கு வேண்டியது தலைமைப் பூசாரி இல்ல, ஒரு ஹைட்ராலஜிஸ்ட்னு சொன்னதாக லான்சிங் பதிவு பண்ணியிருக்கார். அந்த ஆள் மேல எனக்கு கோவம் வரல, அவர் படிச்ச படிப்புல பூசாரிக்கு ஒரு பத்தி கூட கிடையாது.

லான்சிங் அடுத்து பண்ணதுதான் கெட்டிக்காரத்தனம். ஜேம்ஸ் கிரெமர்னு ஒரு சூழலியலாளர், கடல் சூழலை மாடல் பண்றவர், அவரோட சேர்ந்து ஊஸ், பெதானு ரெண்டு ஆத்துப் பாசனத்துல இருக்கற 172 சுபக்கை கம்ப்யூட்டர் மாடலாக் கட்டினார். மழை எவ்வளவு, ஆத்துல ஓட்டம் எவ்வளவு, பயிர் எந்த நிலையில இருக்கு, பூச்சி பக்கத்து வயலுக்கு எப்படிப் பரவுது, இதெல்லாம் உள்ள போகும். அப்புறம் கேள்வி: 172 சுபக்கும் தன்னிஷ்டத்துக்கு நட்டா என்ன ஆகும்? தண்ணிக்கு அடிதடி இல்ல, ஆனா பூச்சி தின்னுடுது. 172ம் ஒரே நாள்ல நட்டா? பூச்சி இல்ல, தண்ணி பத்தல. நடுவுல மாசெத்திக் கோயில் அளவுல குழுக்குழுவா நட்டா? விளைச்சல் உச்சத்துக்குப் போச்சு. நிஜ விளைச்சல் கணக்கோட ஒப்பிட்டும் பார்த்தாங்க, மாடல் சொன்னது நம்பற மாதிரிதான் இருந்துச்சு.

அடுத்து இன்னொண்ணு பண்ணாங்க, எனக்கு ரொம்பப் பிடிச்சது இது. கோயிலே இல்லாம, ஒவ்வொரு சுபக்கும் தாறுமாறா ஏதோ ஒரு அட்டவணையோட ஆரம்பிக்கட்டும், போகம் முடிஞ்சதும் சுத்தியிருக்கறவங்கள்ல யாருக்கு நல்லா விளைஞ்சுதோ அவங்களைப் பார்த்து காப்பி அடிக்கட்டும்னு விட்டாங்க. கொஞ்ச வருஷக் கணக்கு ஓடினதுமே கோயில் வலை மாதிரியே குழுக்கள் தானா அமைஞ்சுது. அப்படின்னா இதை ஒரு மகரிஷி உக்காந்து கண்டுபிடிச்சு அருளினார்னு நினைக்க வேண்டிய கட்டாயமே இல்ல. ஒவ்வொரு போகமும் ஒரு பரிட்சை, தோத்த அட்டவணை கழிஞ்சு போயிருக்கும், ஜெயிச்சது கோயில் முறையா நிலைச்சிருக்கும். "நம்ம முன்னோர்கள் முட்டாள்கள் இல்ல"ன்னு வாட்ஸ்அப்ல சுத்தறதுக்கும் இதுக்கும் நிறைய வித்தியாசம், அங்க பரிட்சை நடந்ததுக்கு ஆதாரம் யாரும் காட்டறதில்ல.

1980கள் முடியறதுக்குள்ள ஆசிய வளர்ச்சி வங்கியோட சொந்த மதிப்பீட்டு அறிக்கையே பழைய முறையோட அருமை புரியாமப் போனதுக்குக் கொடுத்த விலை அதிகம்னு ஒத்துக்கிச்சு. நடைமுறையில சுபக்குங்க கோயில் முறைக்குத் திரும்பினாங்க, அரசும் பழையபடி தடுக்கல. இதுல எனக்கு ஒரு உறுத்தல் உண்டு. விவசாயிங்க பத்து வருஷமாச் சொன்னது எடுபடல, அதையே வரைபடமாவும் எண்ணாவும் ரெண்டு அமெரிக்கப் பேராசிரியருங்க காட்டினப்ப எடுபட்டுச்சு. தென்பசார்ல இருக்கற உதயனா பல்கலைக்கழகத்துக்காரங்களும் சுபக்கைப் பத்தி அப்பவே ஆய்வு பண்ணிக்கிட்டுத்தான் இருந்தாங்க, வெளியுலகத்துல அவங்க பேரைத் தேடித்தான் கண்டுபிடிக்கணும்.

எல்லாரும் ஒத்துக்கிட்ட கதையும் இல்ல இது

2003ல பிரிகிட்டா ஹவுசர்-ஷொய்ப்லின்னு ஜெர்மன் பல்கலைக்கழக மானுடவியலாளர் கடுமையா ஒரு மறுப்பு எழுதினார்: பழைய பாலியில ராஜாக்களுக்கும் பெரிய கோயிலுக்கும் தண்ணிக்கும் இருந்த தொடர்பைக் கீர்ட்ஸும் லான்சிங்கும் குறைச்சுக் காட்டிட்டாங்க, சுபக் ஏதோ ராஜாவே இல்லாத ஜனநாயகத் தீவு மாதிரி தெரியுதுன்னு. அதுக்கு முன்னாடியே 1999ல ஸ்டீஃபன் ஹெல்ம்ரைக், டச்சு ஆட்சியும் வரியும் அரசியலும் இல்லாத ஒரு பாலியைத்தான் அந்த கம்ப்யூட்டர் மாடல் காட்டுதுன்னு சொன்னார். ரெண்டுலயும் நியாயம் இருக்கு. மாடல்ல ராஜா கிடையாது, கடன் கிடையாது, சாதி கிடையாது, நெல்லும் பூச்சியும் தண்ணியும்தான். சூழலியலாளர் கூட சேர்ந்தா சூழலியலாளர் கண்ணு வந்துடுது, லான்சிங்குக்கும் அது பொருந்தும். பாத்தூர் ஏரி விஷயத்தையும் இங்க சொல்லிடணும், எல்லா ஆத்துக்கும் அந்த ஏரித் தண்ணிதான் மூலம்னு நம்பிக்கை, ஆனா ஏரியில இருந்து தரைக்கு மேல வெளியேற வழியே கிடையாது, கசிஞ்சுதான் போகணும், ஆத்துத் தண்ணிக்கு மழையும் ஊத்தும் பெரிய பங்கு. நம்பிக்கை நீரியல்படி அப்படியே சரின்னு நான் சொல்ல வரல. அந்த நம்பிக்கையை வச்சுக்கிட்டு நடத்தற அட்டவணை வேலை செஞ்சுதுங்கிறது வேற விஷயம்.

உரக் கதை இன்னும் முடியல. எரிமலை மண்ணுல இருந்து பாஸ்பேட்டும் பொட்டாசியமும் பாசனத் தண்ணியிலயே கரைஞ்சு வயலுக்கு வந்துக்கிட்டு இருக்கு, அதுக்கு மேல பேக்கேஜ்ல சொன்ன உரத்தைக் கொட்டினா பெரும்பகுதி வாய்க்கால் வழியா ஆத்துக்கும் கடலுக்கும் போகுது. 2005ல வந்த ஒரு ஆய்வுல லான்சிங், கிரெமர் உள்ளிட்ட குழு பாலிக் கடலோரப் பவளப்பாறைகளைத் துளைச்சு எடுத்து நைட்ரஜன் ஐசோடோப்பை (நைட்ரஜன் எங்கேருந்து வந்துச்சுன்னு காட்டிக்கொடுக்கற அணு வகை) அளந்தப்ப, ரசாயன உரம் வந்த காலத்தோட தடம் பவளத்துக்குள்ளயே இருந்துச்சு. மீன்வளத்துறை ஃபைல் தனி, வேளாண்துறை ஃபைல் தனின்னு அந்தப் பவளத்துக்கு யார் சொல்றது.

2012ல யுனெஸ்கோ சுபக் நிலப்பரப்பை உலகப் பாரம்பரியச் சின்னமா அறிவிச்சுது, சுமார் 19,500 ஹெக்டேர், அஞ்சு இடங்கள்ல. அதே வருஷம் பாலி மாகாணம் சுபக்குக்குன்னு தனிச் சட்டமும் போட்டுச்சு. ஆனா இப்ப பாலி வயல்ல வர்ற பிரச்சனைக்கு பழைய முறைகிட்ட பதில் இருக்கான்னு எனக்கு சந்தேகம். லான்சிங் குழு விவசாயிங்ககிட்ட உங்களுக்கு பூச்சி பெரிய கவலையா, தண்ணி பெரிய கவலையான்னு கேட்டப்ப தலைமடைக்காரங்க பூச்சின்னாங்க, கடைமடைக்காரங்க தண்ணின்னாங்க. முழு ஒப்பந்தமே அதுல இருக்கு: மேல இருக்கறவர் தண்ணியை விட்டுக்கொடுத்தா கீழ இருக்கறவர் இவரோட சேர்ந்து தரிசு போடுவார், இல்லேன்னா பூச்சி கீழ இருந்து மேல ஏறும். இப்ப நடு வாய்க்கால்ல ஒரு வயலை வித்து அங்க நீச்சல் குளத்தோட வில்லா வருது. வில்லாக்காரர் சுபக் உறுப்பினர் கிடையாது, கூட்டத்துக்கு வரமாட்டார், அவர்கிட்ட நெல்லு இல்ல, அதனால புகையானுக்கு பயப்பட வேண்டியதும் இல்ல. அவர் வேலிக்குள்ள வாய்க்கால் அடைபட்டா பெகாசே எந்த பாஷையில போய்க் கேட்டாலும், பதிலுக்குக் கொடுக்கவோ எடுக்கவோ ரெண்டு பேர்கிட்டயும் ஒண்ணும் கிடையாது.